கார்பெட் சஃபாரி பேக்கேஜ்: காட்பாடியில் ரயில் ஏறுமுன் கேட்க வேண்டியவை

வேலூரில் விற்கும் கார்பெட் (ஜிம் கார்பெட் தேசியப் பூங்கா) பேக்கேஜ்கள் பலவற்றின் நோட்டீஸில் ரயில், ஓட்டல், சாப்பாடு எல்லாம் இருக்கும். எந்த ஜோன் (சஃபாரிக்காகப் பிரித்த பகுதி) என்பது மட்டும் இருக்காது. பணம் கட்டுமுன் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உத்தராகண்டில் 1936-ல் தொடங்கிய அந்தப் பூங்காவில் எல்லா ஜோனும் ஒன்றல்ல.

நம் ஓட்டு டிக்காலா ஜோனுக்குத்தான். ராம்கங்கா ஆறு, கரையில் பரந்த புல்வெளி, கோடையில் கூட்டம் கூட்டமாக யானைகள். ஆனால் உள்ளே வனத்துறை விடுதியில் இரவு தங்குபவர்களுக்குத்தான் ஜீப். பகலில் போய்த் திரும்புபவர்களுக்கு 16 பேர் உட்காரும் கேன்டர் வண்டி. அதில் பேச்சு சத்தத்திலேயே காட்டின் சத்தம் அமுங்கிவிடும். சஃபாரியில் பாதி காதால் பார்ப்பது. புள்ளிமான் வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் டிரைவர் இன்ஜினை அணைப்பார். புள்ளிமான் சும்மாவும் மிரளும். கடமானும் விடாமல் கத்தினால் புலியோ சிறுத்தையோ பக்கத்தில் இருக்கிறது என்று நம்பலாம்.

விடுதியில் இடமில்லை என்றால் பிஜ்ரானி ஜோனுக்கு ஜீப் கேளுங்கள். 6 பேர் ஏறலாம், 4 பேர் என்றால் தாராளம்.

டிக்காலா ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை மூடியிருக்கும். காலாண்டு லீவுக்கு டிக்காலா என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். மே மாதம் நல்லது: காட்டுக்குள் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் ஆற்றுக்கு வரும், வெயிலும் நமக்குப் புதிதில்லை. அரையாண்டு லீவில் போனால், ஏலகிரிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் விடியற்காலைத் திறந்த ஜீப்பில் போதாது. குல்லா, கையுறை, காற்று புகாத ஜாக்கெட் வேண்டும். டிக்காலா விடுதியில் சைவம் மட்டும்தான்.

சஃபாரி பெர்மிட்டில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் தகராறு செய்யும்: ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுசாக. பதிவு செய்த அதே அட்டையின் அசலை கேட்டில் காட்ட வேண்டும்.

கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியிலிருந்து நேராக டெல்லி போகும், ஏறக்குறைய ஒன்றரை நாள். அங்கிருந்து பூங்காவுக்குப் பக்கத்து ஊரான ராம்நகர் சுமார் 250 கிலோமீட்டர். டெல்லி சேர்ந்த மறுநாள் விடியலுக்கே சஃபாரி போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ரயில் லேட்டானால் பெர்மிட் பணம் போய்விடும்.