செவலை மறுபடியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது

நேற்று கோழிக்கூண்டின் அடித்தட்டை மாற்றினேன். வெல்டர் கூலி, கம்பி வலை, இரண்டு கீல் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். அவருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அலுவலக நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாங்களும் நாலு நாட்டுக்கோழி வாங்கலாமா என்று பார்க்கிறோம். உங்கள் அனுபவம் எப்படி?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. ஆற அமர எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறவும் இல்லை, அமரவும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்காக வீட்டில் கோழி வளர்ப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். முட்டை ஏற்றிய லாரிகள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் விலை காலையில் செய்தியாக வருகிற ஊர் இது. இங்கே மூன்றரை ஆண்டுகளாகச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தை வைத்திருக்கிறேன். இப்போது பெட்டைகள் ஐந்து, சேவல் ஒன்று. கூண்டு அளவு, கம்பும் குருணையும் என்ன விலை என்பதெல்லாம் நண்பருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதது ஐந்து பெட்டைகளில் ஒன்றான செவலையைப் பற்றித்தான்.

அதற்கு முன் நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதியதாக ஆகிவிடும். பொழுது சாய்ந்ததும் கோழிகள் தாமாக வந்து அடைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் கூப்பிட வேண்டாம், விரட்ட வேண்டாம். வெளிச்சம் மங்க மங்க, மேய்ந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கூண்டுப் பக்கம் நகரும். முதலில் கருப்பி ஏறும். பிறகு பொறிக்கோழி ஏறி, கருப்பியின் இடம்தான் வேண்டும் என்று நெருக்கும். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. சேவல் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போகும். நான் செய்வதெல்லாம் கதவைச் சாத்துவது மட்டும்தான். அலுவலகத்தில் எந்த வேலையும் இப்படித் தானாக நடந்து நான் பார்த்ததில்லை.

முட்டையின் ருசி பற்றி ஊரில் சொல்வதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். மஞ்சள் கரு நன்றாகச் சிவந்து வருகிறது, உண்மை. ஆனால் அது புல்லும் கீரையும் கொத்தித் தின்பதால் வருகிற நிறம். தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்த்தால் பண்ணை முட்டைக்கும் அந்த நிறம் வரும். நிறத்தை வைத்துச் சத்தை அளக்க முடியாது.

நோய் விஷயத்தில் தப்பு என்னுடையது. முதலில் வாங்கிய எட்டுக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடாமல் விட்டேன். நாலு கோழிக்கு ஊசியா என்ற அலட்சியம். வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் ஐந்து போய்விட்டன. கழுத்து முறுக்கிக்கொண்டு அவை கிடந்ததை என் மகள் பார்த்திருக்க வேண்டாம். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. இதை விட்டுவிட்டுக் கோழி வளர்க்காதீர்கள். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். கீரியைப் பற்றியும் ஒரு வரி: ஆறுகோண ஓட்டை போட்ட கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரி உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குல வெல்டு வலைதான் வேண்டும்.

இனி செவலை. அந்தக் கழிச்சலில் பிழைத்த மூன்றில் ஒன்று அது. பன்னிரண்டு, பதின்மூன்று முட்டை இடும். அதோடு சரி, அடைக்கு உட்கார்ந்துவிடும். காலண்டரில் குறித்து வருகிறேன். இது பதினான்காவது முறை. மற்ற கோழிகளும் உட்காரத்தான் செய்கின்றன, ஆனால் இரண்டு முறை தூக்கி வெளியே விட்டால் புரிந்துகொள்கின்றன. செவலைக்குப் புரிவதில்லை, அல்லது புரிந்தும் பிடிவாதம். முட்டையை எடுத்தால் வெறும் வைக்கோல் மேல் உட்காரும். வைக்கோலை எடுத்தால் பலகை மேல். ஒரு முறை என் மகள் விளையாட்டாக வைத்த எலுமிச்சம்பழத்தை நாலு நாள் அடைகாத்தது.

அது மட்டும் பட்டினி கிடந்தால் போகட்டும் என்று விடலாம். முட்டையிடும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே விடாது. அவை வாசலில் நின்று கேறும். அவசரத்துக்கு அதன் முதுகிலேயே ஏறி முட்டையிட்டு, முட்டை உடைந்து, பெட்டியெல்லாம் பிசுபிசுக்கும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு, அடித்தொண்டையில் ஓர் உறுமல், பிறகு கொத்து. நாளுக்கு ஒரு முறை இறங்கி வந்து போடுகிற எச்சம் இருக்கிறதே, அந்த நாற்றம் பக்கத்து வீட்டுச் சமையலறை வரை போகும். பெட்டியின் சூட்டில் செள் என்கிற பொடிப்பூச்சி வேறு பெருகிவிடும். முட்டை எடுத்த கை முழங்கை வரை ஊரும். சாம்பலும் மண்ணும் கலந்து குளிக்கக் குழி வெட்டி வைத்திருக்கிறேன். மற்றவை புரண்டு குளிக்கின்றன, இது மட்டும் வராது. கூண்டின் ஒட்டுப்பலகை ஊறி உளுத்துப்போனதற்கும், நேற்றைய 2,300 ரூபாய்க்கும் முழுமுதற் காரணம் செவலைதான்.

என் மாமியாரிடம் முறையிட்டேன். "அவயத்துக்கு வந்த கோழியை என்ன செய்ய முடியும் மாப்பிள்ளை? ஓர் இறகைப் பிடுங்கி மூக்கில் குத்திவிடுங்கள், நமைச்சலில் எழுந்துவிடும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. வயிறு நனையத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். இரண்டு நாள் நனைந்த கிழவியைப் போல என்னை முறைத்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடி உட்கார்ந்தது. அடைகாக்க வைப்பது புரோலாக்டின் என்ற சுரப்பு. வயிற்றுக்கடியில் சூடு இருக்கும்வரை அது அடங்காது. அதனால் வைக்கோல் இல்லாத, அடியில் காற்றோடும் கம்பித்தட்டுக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து, வெளிச்சத்தில் மூன்று நாள் விடுவதுதான் பலிக்கிற வழி. அதுவும் உட்கார்ந்த முதல் நாளே செய்ய வேண்டும். ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால், தெளிய இன்னொரு வாரம் ஆகும்.

பண்ணைக் கோழிகளிடம் இந்தத் தொல்லை கிடையாது. அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டித்தான் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும் கோழியை உருவாக்கியிருக்கிறார்கள். செவலையின் கணக்கு ஆண்டுக்கு 60.

போன தை மாதம் தோற்றுப்போய், உட்காருகிறாயா, உட்கார் என்று பதினொரு முட்டை வைத்தேன். மாமியார் வந்து ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல், ஓர் ஆணி போட்டுவிட்டுப் போனார், இடிக்கு முட்டை கெடாமல் இருக்குமாம். தை மாதத்தில் இடி எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சு. அந்த ஒன்பதையும் கூட்டிக்கொண்டு செவலை தோட்டத்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கறையானைக் கிளறிப்போட்டுவிட்டுத் தான் தின்னாமல் குஞ்சுகளைக் கூப்பிடும். பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல். ஒன்பதும் இறக்கைக்குள் போய்விடும். மதிலிலிருந்து குதித்த பூனையின் முகத்தில் பாய்ந்து, அது திரும்ப மதில் ஏறும்வரை விடவில்லை. ஒரு குஞ்சைக்கூடப் பறிகொடுக்காமல் வளர்த்துவிட்டது. இன்று என்னிடம் இருக்கும் ஐந்து பெட்டைகளில் மூன்று அதன் அடியில் பொரித்தவை.

நண்பர் கேட்டதற்குப் பதில்: வேண்டாம். முட்டைக்காக என்றால் முப்பது முட்டை அட்டை ஒன்றைக் கடையில் வாங்குங்கள், வலை மாற்றுகிற செலவு மிச்சம். பொழுதுபோக்குக்கு என்றால் அதற்கும் வேண்டாம், மீன் தொட்டி வையுங்கள். மீன் கொத்தாது.

புதுத் தட்டு முழுக்கக் கம்பி வலை. காற்று நன்றாக ஓடுகிறது. இனி எங்கே உட்காருவாய் பார்க்கலாம் என்று நேற்று மாலை செவலையை உள்ளே விட்டேன். ஓரத்துச் சட்டத்தை ஒட்டி இடம் பிடித்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு அமர்ந்தது. காலையில் வெல்டர் கூப்பிட்டு, தன் இன்ச் டேப்பைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தேன், மஞ்சள் முனை மட்டும் வயிற்றுக்கடியில் தெரிகிறது. அவரையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.