டிஃபெண்டரே போதுமா, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

பெரும்பாலான வீடுகளுக்குத் தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பதுதான் என் கருத்து. ஒரு காலத்தில் அது ஸ்பைவேரை, அதாவது நம்மை உளவு பார்க்கும் புரோகிராம்களை, மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து முழு ஆன்டிவைரஸாகவே வருகிறது.

ஆனால் இரண்டு செட்டிங்குகளை நீங்களே பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' போய், ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷனைத் திறந்தால், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஸ்விட்ச் இருக்கும். இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், 'பிசி கிளீனர்' வகையறாவைப் பிடிப்பது இதுதான். அதற்குக் கீழே இரண்டு டிக் இருக்கும். டவுன்லோடைத் தடுக்கும் டிக் எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். குரோம் பயன்படுத்துபவர்கள் ஆப்பைத் தடுக்கும் டிக்கைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பகுதியில் உள்ள 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. இது வரும்போதே ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால், முன்பின் தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், போட்டோ ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. சில நல்ல புரோகிராம்களையும் சேவ் செய்ய விடாது. அவற்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். குடும்பப் போட்டோக்களை கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு பரவாயில்லை.

இலவச ஆன்டிவைரஸ்களை நான் பரிந்துரைப்பதில்லை. வைரஸைப் பிடிப்பதில் அவை மோசமில்லை. ஆனால் அவாஸ்ட், தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. இன்னொரு இலவச ஆன்டிவைரஸான ஏவிஜியும் 2016 முதல் அவாஸ்ட் கையில்தான்.

காசு கொடுத்து வாங்கும் புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றில் போனில் உதவி, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு எல்லாம் உண்டு. தனியாக இருக்கும் பெற்றோருக்கு, கூப்பிட்டால் எடுத்துப் பேச ஆள் வேண்டுமென்றால் அந்தப் பணம் நியாயமே.

மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் தேடும் புரோகிராமின் இலவசப் பதிப்பு வேறு ரகம். டிரையல் முடிந்த பின் நாம் சொன்னால் மட்டும் ஸ்கேன் செய்யும், டிஃபெண்டரோடு மோதாது. சந்தேகம் வந்தால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க நல்லது. முழுநேரமும் ஓடும் இரண்டு ஆன்டிவைரஸ்களை மட்டும் ஒன்றாகப் போடாதீர்கள், மெஷின் திணறிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்னும் அதில்தான் இருக்கிறீர்கள் என்றால், ஆன்டிவைரஸுக்கு எடுத்துவைத்த பணத்தை விண்டோஸ் 11 ஓடும் மெஷினுக்காகச் சேர்த்து வையுங்கள்.