விதைக்கு எது: குதிரை மசாலா, வேலி மசாலா?

செட்டிநாட்டில் 'மசால்' என்று சொன்னால் எல்லோருக்கும் அடுப்படிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது மாட்டுத் தீவனத்தை. இரண்டு மசாலையும் கிணற்றடியில் போட்டு, அறுக்காமல் விதைக்கு விட்டேன்.

குதிரை மசால் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. காயோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு பூவின் சூலகத்தில் பத்துச் சூல்களாவது இருக்கும். ஆனால் சூலகமும் மகரந்தத் தாள்களும் அடி இதழ்களுக்குள் வில்லாக வளைந்து அடைபட்டிருக்கின்றன. தேனீ அழுத்தினால்தான் அவை வெளியே தெறிக்கும். அந்த அடி முகத்தில் விழுவதால் தேனீக்கள் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் திருடப் பழகிவிடும். அமெரிக்காவில் இதற்கென்றே இலைவெட்டித் தேனீக்களை வளர்க்கிறார்கள். தன் மகரந்தமே விழுந்தாலும் சூல்களில் பல பாதியில் சுருங்கிவிடும்.

ஒன்றுவிட்ட உறவான குளோவர் என்ற தீவனச் செடிக்கும் இதே பாடுதான். சிவப்புக் குளோவர் பூவில் இரண்டே சூல்கள். பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். தேனீ வந்துபோன 100 பூங்கொத்துகளில் 2,700 விதைகள், மூடிவைத்த 100 கொத்துகளில் ஒன்றுகூட இல்லை என்று டார்வின் கணக்குச் சொன்னார். குளோவர் நம் வெயிலுக்கு ஆகாது, விட்டுவிடலாம்.

என் தவறும் உண்டு. தீவனப் பயிருக்குப் போல விடாமல் தண்ணீர் கட்டினேன், இலைதான் தழைத்தது. விதைப் பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். போதாக்குறைக்கு, புளிப்பு மண் குதிரை மசாலுக்குப் பிடிக்காது. எங்கள் செம்பொறை நிலமோ அப்படிப்பட்டதுதான்.

வேலி மசாலுக்கு இந்த வீம்பெல்லாம் இல்லை. சின்ன வெள்ளைப் பூ, தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும். ஒல்லிக் காய் ஒன்றில் பத்து இருபது விதைகள் இருக்கும். முற்றினால் வெடித்துச் சிதறும் என்பதால், பழுப்பேறும்போதே பறித்துவிட வேண்டும். விதைத்தோல் கல்லாக இருக்கும். 80 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் முளைக்கும்.

குதிரை மசால் இனி ஒரே பாத்தி, அதுவும் பசுவுக்கு. விதைக்கு வேலி மசால்தான். ஆடுகளுக்குத்தான் காய் முற்றும்வரை பொறுமை இல்லை. வேலி மசாலுக்கே வேலி கட்டிக்கொண்டிருக்கிறேன்.