மேடு வைத்த தட்டு, இரண்டு வேளைச் சாப்பாடு: 3 வருட அனுபவம்

எங்கள் சிப்பிப்பாறை நாய் வீராவுக்கு இப்போது 4 வயது. நாய் மெதுவாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக உள்ளே மேடு மேடாக வைத்து விற்கிற பிளாஸ்டிக் தட்டை 3 வருடமாகப் பயன்படுத்துகிறோம். காலை 7.30, மாலை 7 என்று இரண்டு வேளையை நிலையாக்கியதும் அப்போதுதான். தட்டு நல்லதுதான், ஆனால் வீட்டை மாற்றியது அந்த நேரக்கணக்கு.

முன்பெல்லாம் தட்டில் எப்போதும் ஏதாவது கிடக்கும். காலையில் போட்ட டாக் ஃபுட், நடுவில் அப்பா போடும் இட்லித் துண்டு, அம்மாவின் மிச்ச சாம்பார் சாதம், தம்பியின் பிஸ்கட். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் மடியில் மூக்கை வைத்து எச்சில் ஒழுக நிற்பான், விடியற்காலை நாலரைக்குக் கதவைப் பிராண்டுவான். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உடம்பு விறைத்து, தலையைத் தூக்காமலே அடித்தொண்டையில் உறுமுவான் பாருங்கள், அதுதான் பயம். அக்கா பையன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

தட்டைப் பிடுங்கிப் பழக்கு என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பிடுங்கிப் பார்த்தோம், உறுமல் கூடியது. பிடுங்கிவிடுவார்கள் என்றுதானே அவனுக்குப் பயமே! அப்புறம் டாக்டர் சொன்னபடி நேர்மாறாகச் செய்தோம். அவன் சாப்பிடும்போது, உடம்பு விறைக்காத தூரத்தில் நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். தினமும் இதே வேலை, தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஆறாவது வாரம் நான் வருவதைப் பார்த்துத் தலையைத் தூக்கி வாலை ஆட்டினான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அக்கா பையன் வந்தால் இன்றும் வீராவுக்குச் சாப்பாடு பின்கட்டில், கதவைச் சாத்தித்தான்.

விடியற்காலைப் பிராண்டலுக்கு, நாங்கள் எழுந்து அரை மணி நேரம் கழித்தே சாப்பாடு வைத்தோம். மூன்று வாரத்தில் அவனும் தூங்கப் பழகினான். கஷ்டம் அம்மாவோடுதான். "வாயில்லா ஜீவன்டா, அது பாக்கப் பாக்கத் தின்னா நமக்குத்தான் வயிறு வலிக்கும்" என்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு சாம்பார் சாதம் நின்றது. ஆனால் ஆசையாகக் கொடுக்கும் கையை எப்படித் தடுப்பது? அதனால் அவனுடைய அன்றைய அளவிலிருந்தே ஒரு பிடி எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவோம். அதைத் தன் கையால் கொடுப்பார், ஆனால் வீராவின் பாய் இருக்கும் இடத்தில் மட்டும். சாப்பாட்டு மேஜைப் பக்கம் அவன் இப்போது வருவதே இல்லை.

தட்டுக்கு வருகிறேன். சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிருக்கே உலை வைக்கும். அவசரமாக விழுங்குவதும் அதற்கு ஒரு காரணம். ஒரு நிமிடத்துக்குள் காலி செய்தவன் இந்தத் தட்டில் 6 நிமிடம் எடுக்கிறான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் மொட்டை மாடி ஓட்டத்துக்கும் விடுவதில்லை.

குறையும் உண்டு. தயிர் சாதம் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டால் பால் பாட்டில் பிரஷ் இல்லாமல் போகாது. சாதத்துக்கு நாங்கள் சாதா எவர்சில்வர் தட்டுதான். ஒன்றரை வருடத்தில் பிளாஸ்டிக் கீறல் விழுந்து என்ன கழுவினாலும் வாடை போகவில்லை, இது இரண்டாவது தட்டு. எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைக்கிறோம். அடியில் ரப்பர் இல்லாததை வாங்காதீர்கள், முதல் நாளே கவிழ்த்துவிடும்.

குட்டியாக இருந்தால் இந்த இரண்டு வேளைக் கணக்கு சரிப்படாது. 6 மாதம் வரை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.