ஆல்கைல் குளோரைடு தயாரிப்பு: தயோனைல் குளோரைடுதான் எப்போதும் சிறந்ததா?

ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி அந்த இடத்தில் குளோரினை அமர்த்த, பாடநூல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பாஸ்பரஸ் குளோரைடுகள், தயோனைல் குளோரைடு ஆகிய மூன்று வழிகளைச் சொல்லி, மூன்றாவதே சிறந்தது என்று முடித்துவிடுகின்றன. துணை விளைபொருள்களான சல்பர் டைஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் வாயுக்களாக வெளியேறிவிடுவதால் தூய குளோரைடு எஞ்சும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் சரியானதே, ஆனால் எல்லா ஆல்கஹால்களுக்கும் அது ஒரே அளவில் பொருந்துவதில்லை.

மூவிணைய ஆல்கஹாலை (ஹைட்ராக்சிலைத் தாங்கும் கார்பனுடன் மூன்று கார்பன்கள் இணைந்தது; இரண்டு இணைந்தால் ஈரிணையம், ஒன்று இணைந்தால் ஓரிணையம்) எடுத்துக்கொண்டால் தயோனைல் குளோரைடுக்குத் தேவையே இல்லை. மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைப் பிரிபுனலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் அறை வெப்பநிலையில் குலுக்கினாலே சில நிமிடங்களில் குளோரைடு தனி அடுக்காக மேலே பிரிந்து நிற்கும். அதைக் கழுவி, உலர்த்தி, 51 டிகிரி செல்சியஸ் அளவில் வாலைவடித்தால் வேலை முடிந்தது. ஹைட்ராக்சில் தொகுதி ஒரு புரோட்டானை ஏற்று நீராக வெளியேறும்போது உருவாகும் கார்போகேட்டயான், அதாவது கார்பனில் நேர்மின்சுமை கொண்ட அயனி, மூவிணைய நிலையில் போதிய நிலைத்தன்மை பெற்றிருப்பதே இந்த எளிமைக்குக் காரணம். ஓரிணைய ஆல்கஹாலில் அந்த வசதி இல்லாததால், நீரற்ற துத்தநாக குளோரைடும் நீண்ட நேரச் சூடேற்றமும் தேவைப்படுகின்றன. ஆல்கஹால்களை வகை பிரித்தறியும் லூகாஸ் சோதனை இந்த வேக வேறுபாட்டையே பயன்படுத்திக்கொள்கிறது.

அமில வழியின் உண்மையான குறை வேகத்தில் இல்லை, கார்பன் சட்டகத்தில் இருக்கிறது. 3-மெத்தில்பியூட்டன்-2-ஆலுடன் ஹைட்ரஜன் குளோரைடு வினைபுரியும்போது, ஈரிணையக் கார்போகேட்டயானில் ஒரு ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையுடன் கூடிய ஹைட்ரஜன்) இடம்பெயர்ந்து மூவிணைய அயனி உருவாகிவிடுவதால், நாம் எதிர்பார்த்த குளோரைடுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டனே கிடைக்கிறது. தயோனைல் குளோரைடின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது என்பது என் கருத்து. அது ஆல்கஹாலை முதலில் குளோரோசல்பைட் எஸ்டராக மாற்றி, நன்கு வெளியேறக்கூடிய தொகுதியை அமைத்துத் தருகிறது. பிரிடின் என்னும் காரம் உடனிருந்தால் குளோரைடு அயனி பின்புறமிருந்து தாக்கி, சமச்சீரற்ற கார்பனின் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்) புறவெளி அமைப்பைத் தலைகீழாக்குகிறது; பிரிடின் இல்லாமல் டையாக்சேன் போன்ற கரைப்பானில் நிகழ்த்தினால் அமைப்பு பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. ஒரே வினைப்பொருளைக் கொண்டு இரண்டு அமைப்புகளில் எது வேண்டுமோ அதை நாடிச் செல்ல முடிவது பெரிய வசதி.

ஆனால் பிரிடினைச் சேர்த்ததும், வாயுவாகப் போயிருக்க வேண்டிய ஹைட்ரஜன் குளோரைடு பிரிடின் ஹைட்ரோகுளோரைடு என்னும் உப்பாகத் தங்கிவிடுகிறது. எனவே பாடநூல் புகழும் தூய்மையில் பாதி அப்போதே போய்விடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. தயோனைல் குளோரைடின் கொதிநிலை ஏறத்தாழ 76 டிகிரி, 1-குளோரோபியூட்டனின் கொதிநிலை ஏறத்தாழ 78 டிகிரி. மிகுதியாகச் சேர்த்த வினைப்பொருளை இங்கே வடித்துப் பிரிக்க முடியாது. நீரால் சிதைத்துக் கழுவியே நீக்க வேண்டும். கொதிநிலை அதிகமான குளோரைடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பாஸ்பரஸ் குளோரைடுகளை நான் கடைசியாகவே நாடுவேன். டிரைகுளோரைடு பாஸ்பைட் எஸ்டர்களை உண்டாக்கி விளைச்சலைக் குறைக்கிறது. பென்டாகுளோரைடோ 106 டிகிரியில் கொதிக்கும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடை விட்டுச்செல்கிறது.

ஆல்கேனை ஒளியில் நேரடியாகக் குளோரினேற்றும் வழி ஆய்வகத்தில் பெரும்பாலும் கலவையையே தருகிறது. அறை வெப்பநிலையில் புரப்பேனிலிருந்து 1-குளோரோபுரப்பேன் ஏறத்தாழ 45 விழுக்காடும், 2-குளோரோபுரப்பேன் 55 விழுக்காடும் கிடைக்கின்றன. குளோரின் அணு மிகுந்த வினைத்திறன் கொண்டதால் ஹைட்ரஜன்களைப் பெரிதாகத் தெரிந்தெடுப்பதில்லை. ஆயினும் நியோபென்டைல் குளோரைடு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. நியோபென்டைல் ஆல்கஹாலில் பின்புறத் தாக்குதலைப் பருத்த மூவிணைய பியூட்டைல் தொகுதி தடுக்கிறது. வலுவான அமிலத்தில் கட்டாயப்படுத்தினால் சட்டகமே மாறிவிடுகிறது. நியோபென்டேனின் 12 ஹைட்ரஜன்களும் சமமானவை. ஒளியில் நிகழும் இவ்வினையில் உருவாகும் தனி உறுப்புகள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்கள்) கார்போகேட்டயான்களைப் போல எளிதில் இடமாற்றம் அடைவதுமில்லை. ஆகவே ஹைட்ரோகார்பனை மிகுதியாக வைத்துக் குளோரினேற்றினால், ஆல்கஹால் வழியில் இத்தனை சிரமம் தரும் அந்தக் குளோரைடு நேரடியாகவே கிடைத்துவிடுகிறது.