பயோலஜி மேற்படிப்புக்கு என்று 385,000 ரூபா கட்டினோம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் கவனம்

மட்டக்களப்பு நகரத்துக்குள் இருக்கிற ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையத்திடம் எங்கள் குடும்பம் 385,000 ரூபாவைப் பறிகொடுத்திருக்கிறது. காசோடு என் தங்கச்சியின் ஒரு வருடமும் போய்விட்டது. முறைப்பாடு கொடுக்கப் போகிறோம், இப்போதைக்குப் பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். அதனால் போடவில்லை. மாடியில் ஒஃபிஸ், கண்ணாடிக் கதவு, உள்ளே அமெரிக்கா, கனடா, யூகே கொடிகள், பட்டமளிப்பு உடுப்போடு சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். இப்படியான இடங்கள் கல்முனைப் பக்கமும் இருக்கின்றன, பேஸ்புக்கில் தினமும் விளம்பரம் வருகிறது. நாளைக்கே ஒரு பிள்ளை போய்க் காசு கட்டும். அதற்கு முன்னர் இதை வாசிக்கட்டும் என்றுதான் இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயோலஜி மேற்படிப்பை எப்படித் தெரிவு செய்வது, எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

தங்கச்சி வந்தாறுமூலை கெம்பஸில், அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்தவள். இறுதி வருட ஆய்வு எங்கள் வாவியின் கண்டல் காட்டுச் சேற்று நண்டுகளைப் பற்றியது. விடியக்காலையில் தோணியில் போய், இடுப்பளவு சேற்றில் நின்று நண்டை அளந்து, நிறுத்து, திரும்ப விட்டு வந்த பிள்ளை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்குத் தானே படித்து 7 எடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஸ்கொலர்ஷிப்போடு கண்டல், களப்பு, கடல் உயிரியல் என்று ஏதாவது ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்பு. நான் கலைப்பிரிவு படித்த ஆசிரியை. இந்த விண்ணப்ப விஷயத்தில் எங்கள் வீட்டில் அவளுக்கு வழி காட்ட யாரும் இல்லை. இப்படியான வீடுகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

முதல் நாள் அந்த நிலையத்து ஆள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் விழுந்தது. காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தங்கச்சி, முதல்ல உங்கட ரிசேர்ச்சைச் சொல்லுங்க" என்றார். அவள் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதினார். "சேத்து நண்டா? அமெரிக்காவில செசபீக் விரிகுடாவில நீல நண்டை வைச்சுப் பெரிய ஆராய்ச்சி நடக்குது. உங்களுக்கு அந்தப் பக்கம்தான் சரி" என்றார். தங்கச்சியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெம்பஸுக்கு வெளியே ஒருவர் அவளுடைய நண்டைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவைப் பார்த்து, "அம்மா, இவ எங்கட ஊர்ப் பிள்ளை, என்ர சொந்தத் தங்கச்சி மாதிரி. ஃபுல் ஃபண்டிங்கோட அனுப்பித் தாறது என்ர பொறுப்பு" என்றார். அம்மாவின் கண் கலங்கியது. அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டுக் காசு அவருடைய கைக்குப் போய்விட்டது, ரிசீட் எழுதினதுதான் பிறகு.

பதிவுக் கட்டணம் 35,000. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம், எல்லாக் கட்டணமும் சேர்த்து 200,000. ஜிஆர்ஈ (அமெரிக்க மேற்படிப்புக்கான பரீட்சை) பயோலஜி சப்ஜெக்ட் டெஸ்ட் பதிவும் வகுப்பும் 90,000. கடைசியாக, கேளுங்கள், "புரொஃபஸர் கன்ஃபர்மேஷன்" என்று 60,000. மொத்தம் 385,000 ரூபா. அப்பா படுவான்கரை வயலில் சிறுபோகம் வெட்டி விற்ற நெல்லுக் காசு, அம்மாவின் காப்பு இரண்டையும் ஈடு வைத்த காசு, என்னுடைய சீட்டுக் காசு. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த 385,000.

ஆவணங்களை எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பக் கணக்கைத் தாங்களே திறப்போம், பாஸ்வேர்ட் தங்களிடமே இருக்க வேண்டும், "இல்லாட்டி ரெண்டு பேரும் மாறி மாறி லொக்இன் பண்ணி பிழைச்சுப் போகும்" என்றார்கள். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தோடு கொடுக்கிற நோக்க அறிக்கையைத் தங்கச்சி தானே எழுதிக் கொடுத்தாள். "நாங்க பொலிஷ் பண்ணுவம்" என்று வாங்கி வைத்தார்கள்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். நவம்பரில் கேட்டால் "பிராசஸிங்கில இருக்கு". டிசம்பர் முதலாம் திகதி முடிவுத் திகதியாயிற்றே என்று தங்கச்சி கேட்டால், "அது அமெரிக்கன்களுக்கு, எங்களுக்கு மார்ச் மட்டும் டைம் இருக்கு". நேரில் போனால் ரிசெப்ஷனில் இருக்கிற பிள்ளை, "சேர் கொழும்புக்குப் போயிட்டார் மிஸ்". வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஜனவரியில், "போர்டல் டவுனாக இருக்கு, அங்க ஸ்னோ". பல்கலைக்கழக இணையத்தளம் பனி விழுந்து நின்றுபோனது என்று ஒரு விலங்கியல் பட்டதாரியிடம் சொல்கிறார்கள்!

ஜிஆர்ஈ வகுப்பு என்று ஒரு பிடிஎஃப் கட்டு மட்டும் வந்தது. தேர்வுத் திகதி வரவே இல்லை. வராது. அமெரிக்காவில் அந்தப் பரீட்சையை நடத்துகிற ஈடிஎஸ் நிறுவனம் பயோலஜி சப்ஜெக்ட் டெஸ்ட்டை 2021ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இல்லாத பரீட்சைக்கு எங்களிடம் 90,000 ரூபா வாங்கியிருக்கிறார்கள். பொதுவான ஜிஆர்ஈ பரீட்சை இப்போதும் இருக்கிறது, ஆனால் பயோலஜி பி.எச்.டிக்கு அதைக்கூடக் கேட்காத பல்கலைக்கழகங்கள் நிறைய. இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது பிறகு.

பெப்ரவரியில் தங்கச்சி பொறுக்க முடியாமல் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு அலுவலகத்துக்குத் தன் சொந்த ஈமெயிலில் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. இந்தப் பெயரில் ஒரு விண்ணப்பம் தொடங்கப்பட்டிருக்கிறது, கட்டணம் கட்டப்படவில்லை, சமர்ப்பிக்கப்படவும் இல்லை, திகதி முடிந்துவிட்டது என்று. அவள் அந்தப் பதிலை என்னிடம் நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இருவரும் நேரே போனோம். அன்றைக்கு "சேர்" இருந்தார். கத்தின பிறகுதான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஐந்தில் மூன்றுக்குத்தான் கணக்கே திறந்திருக்கிறார்கள். ஒன்றையும் அனுப்பவில்லை. அந்தத் திரையில் நாங்கள் கண்ட இரண்டு விஷயங்கள் காசை விட மோசமானவை.

ஒன்று, நோக்க அறிக்கை. தங்கச்சி எழுதினது அங்கே இல்லை. வேறு யாருக்கோ எழுதினதை ஒட்டியிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே மரபணுவில் ஆர்வம், புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதே இலட்சியம் என்று போகிறது. நண்டும் இல்லை, கண்டலும் இல்லை, வாவியும் இல்லை. நடுவில் தகப்பன் யுத்தத்தில் இறந்துவிட்டதாக ஒரு வரி. எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். தகப்பனை உண்மையாகவே இழந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களின் துக்கத்தை எடுத்து ஃபோர்ம் நிரப்பியிருக்கிறார்கள்.

மற்றது பரிந்துரைக் கடிதம். விண்ணப்பத்தில் விரிவுரையாளரின் பெயரையும் ஈமெயிலையும் கொடுத்தால், பல்கலைக்கழகம் அவருக்கு நேரடியாக ஒரு லிங்க் அனுப்பும், அவர்தான் கடிதத்தை ஏற்ற வேண்டும். மாணவர்கூட அதைப் பார்க்காமல் இருப்பதுதான் வழக்கம். இவர்கள் தங்கச்சியின் விரிவுரையாளர்களுடைய பெயரில் தாங்களாகவே ஜிமெயில் திறந்து அதைப் போட்டிருக்கிறார்கள். "எல்லாரும் இப்பிடித்தான் செய்றது தங்கச்சி, லெக்சரர்மார் பிஸி தானே" என்றார். இது போலி ஆவணம். பிடிபட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு அவளுக்கு மூடும், அவளுக்குக் கடிதம் கொடுக்கிற சேர்மாரின் பெயரும் கெடும். தங்கச்சி அங்கேயே அழுதாள். அடுத்த நாள் வந்தாறுமூலைக்குப் போய்த் தன் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த மூன்று இடத்துக்கும் தானே எழுதினார். அந்த மனிதருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் சொல்லித்தான் "புரொஃபஸர் கன்ஃபர்மேஷன்" என்ன என்றும் விளங்கியது. அப்படி ஒரு கட்டணம் உலகத்தில் எங்கேயும் இல்லை. பேராசிரியருக்கு மாணவரே எழுத வேண்டும். நான் இன்னார், உங்கள் இந்த ஆய்வை வாசித்தேன், நான் செய்தது இது, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா, அவ்வளவுதான். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. சூழலியல் போன்ற துறைகளில் விண்ணப்பிக்க முன்னரே இப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது மிக முக்கியமாம். கனடாவில் ஆராய்ச்சி எம்.எஸ்சிக்குப் பெரும்பாலான இடங்களில் மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் அனுமதியே கிடைக்காது. மூலக்கூறு உயிரியல் பக்கம் அமெரிக்காவில் வேறு முறை. முதல் வருடம் சில ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்து பார்த்த பிறகு ஒன்றைத் தெரிவு செய்வார்கள். ஆக, நண்டு படித்த பிள்ளைக்கும் மரபணு படித்த பிள்ளைக்கும் விண்ணப்ப வழியே வேறு. இந்த அடிப்படை வித்தியாசம்கூட 385,000 ரூபா வாங்கினவர்களுக்குத் தெரியவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டோம். ரிசீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறதாம். "உங்கட தங்கச்சிட ப்ரொஃபைல் வீக், அதுக்கு நாங்க என்ன செய்ய?" அனுப்பாத விண்ணப்பத்துக்கு ப்ரொஃபைல் எப்படி வீக் ஆகும்? பிறகு குரல் மாறியது. "யூகேயில ஒரு வருஷ மாஸ்டர்ஸ் இருக்கு, பயோடெக்னோலஜி, உடனே ஒஃபர் எடுத்துத் தாறம், கட்டின காசை அதுக்குக் கழிக்கலாம்." கட்டணம் 18,500 பவுண், ஸ்கொலர்ஷிப் இல்லை. இப்படிப் பிள்ளை சேர்த்துக் கொடுத்தால் பல்கலைக்கழகம் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது, ஃபண்டிங்கோடு போகிற பி.எச்.டி பிள்ளையில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை. அதனால்தான் எங்களை டிசம்பர் தாண்டும்வரை இழுத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்குக் கடைசியாகப் போனபோது, "நீங்க பொலிஸுக்குப் போங்க, எங்களிட்ட வியாபாரப் பதிவு இருக்கு" என்றார். வியாபாரப் பதிவு எந்தக் கடைக்கும் இருக்கும். பிள்ளையின் படிப்பைக் கையாளத் தகுதி இருக்கிறது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? அம்மா, "புள்ள, விடு, வா போவம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நான் விடமாட்டேன்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், நேரம் பன்னிரண்டு தாண்டிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விண்ணப்பக் கணக்கை உங்கள் சொந்த ஈமெயிலில் நீங்களே திறவுங்கள், பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் பயோலஜி பி.எச்.டிக்கு பி.எஸ்சியோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம், எம்.எஸ்சி கட்டாயமில்லை. சேர்த்துக்கொண்டால் படிப்புக் கட்டணத்தையும் மாதக் கொடுப்பனவையும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். முடிவுத் திகதி அநேகமாக டிசம்பரில், ஆகவே ஓகஸ்ட்டிலேயே தொடங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்கு நூறு டொலர் அளவில் வரும், கேட்டால் விலக்குத் தருகிற இடங்களும் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், யூகேயின் கொமன்வெல்த், ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, அதற்கு யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாடு சரிவராவிட்டால் பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் இருக்கிறது. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஏஜென்ட்டுகளின் பட்டியலை இணையத்தளத்திலேயே போடுகின்றன, ஏஜென்ட் கட்டாயம் வேண்டுமென்றால் அங்கே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் துறை விரிவுரையாளரிடம் போங்கள். வந்தாறுமூலையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பொலிஸிலும் நுகர்வோர் அதிகாரசபையிலும் முறைப்பாடு கொடுக்கிறோம். அதிகாரசபையின் தொலைபேசி 1977. 385,000 ரூபாவுக்கும் ரிசீட்டுகள், வட்ஸ்அப் உரையாடல்கள், பல்கலைக்கழகத்தின் ஈமெயில் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மேலே சொன்ன இடம் எது என்று விளங்கி, நீங்களும் அங்கே காசு கட்டியிருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள், எங்கள் முறைப்பாட்டோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.