காளவாசல் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: ஐந்துக்கு மூன்றரை

மதுரை காளவாசல் பக்கம் ஒரு பைக் ஒர்க்‌ஷாப் மாடியில் நடக்கிற வகுப்பு இது. பேர் வேண்டாம், சார் நல்ல மனுஷன். இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் கட்டினேன். மேல மாசி வீதியில் டிராவல்ஸில் வேலை எனக்கு, கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களிடம் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கிராமர் எல்லாம் வழக்கமான சரக்குதான். ஆனால் ‘முடியவே முடியாது’ என்று அடித்துச் சொல்கிற சொலவடைகளுக்காகவே ஒரு வாரம் ஒதுக்கினார் பாருங்கள், அதற்கே பாதி ஃபீஸ் தகும். ‘ஓவர் மை டெட் பாடி’க்கு விளக்கமே கொடுக்கவில்லை, “என் பொணத்தத் தாண்டிப் போன்னு உங்க அப்பத்தா சொல்லுமே, அதான்” என்றார், வகுப்பே சிரித்தது, இனி சாகும்வரை மறக்காது. கோடி ரூபாய் கொடுத்தாலும் மாட்டேன் என்று நாம் சொல்வதை அவர்கள் ‘நாட் ஃபார் ஆல் த டீ இன் சைனா’ என்கிறார்களாம், சீனாவின் மொத்தத் தேயிலையைக் கொட்டினாலும் மாட்டேன் என்று. வேண்டாத வேலையை ‘பார்ஜ்போல்’, அதாவது படகு தள்ளுகிற நீளக் கழியால்கூடத் தொடமாட்டேன் என்பது பிரிட்டிஷ்காரன் பேச்சு. அமெரிக்காக்காரனுக்கு அது பத்தடிக் கம்பு.

இனி குறை. கேட்டால் ‘ஆமாம்’ மாதிரி இருந்து உள்ளே ‘இல்லை’யாக இருப்பவற்றை அவர் தொடவே இல்லை. ஒருநாள் வண்டி சிம்மக்கல்லில் மாட்டிக்கொண்டது. லண்டன் பெரியவர் ஒருவரிடம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றேன், அவர் ‘ஃபேட் சான்ஸ்’ என்றார். ஃபேட் என்றால் குண்டு, அப்போ பெரிய சான்ஸ், நம்மை நம்புகிறார் மனுஷன் என்று நினைத்து “தேங்க்யூ சார்” என்று பல்லைக் காட்டினேன். அவர் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுநாள் சாரிடம் கேட்டால், “அட, ‘ஆமா, கிழிச்ச’ங்கிற மாதிரிடா அது” என்கிறார். இதை முன்னாடியே சொல்வதற்கு என்ன?

இன்னொன்று, எதை யாரிடம் சொல்லக்கூடாது என்பதும் பாடத்தில் இல்லை. ராமேஸ்வரம், கொடைக்கானல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா என்று ஒரு அம்மா கேட்க, புதிதாகப் படித்த ஜோரில் ‘நாட் ஆன் யுவர் லைஃப்’, அதாவது நடக்கவே நடக்காது என்று எடுத்துவிட்டேன். அந்த அம்மா முகம் சுண்டிப்போனது. முதலாளி உள்ளே கூப்பிட்டு, “கஸ்டமர்கிட்ட சண்டை போடவா படிக்கப் போற?” என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். “சாரி மேடம், டைம் பத்தாது” என்கிற அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு முன்பே தெரியும், அதுதான் கொடுமை. இதெல்லாம் சிநேகிதர்களுக்குள் பேசுகிற பேச்சு, கவுண்டரில் உட்கார்ந்து பேசுகிறதில்லை.

சேருகிறவர்கள் காலை ஏழு மணி பேட்ச்சில் சேருங்கள். சாயங்காலம் கீழே ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற சத்தத்தில் சார் சொல்வது முதல் பெஞ்சுக்கே எட்டாது.